முள் எங்கே நிற்கிறது?

சித்தப்பாவின் 1987 கொரோலா இரண்டு வருடமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. நான் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியிலேயே அதற்கு வைத்தியம் பார்த்தேன். முதலில் தெர்மோஸ்டாட் வாங்கி அனுப்பினேன். பிறகு வாட்டர் பம்ப். ஃபேன் பெல்ட்டையும் மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும், "டேங்க்ல தண்ணி இருக்கா சித்தப்பா?" என்று கேட்பேன். "நெறைஞ்சுதான் இருக்கு" என்பார். "ஒங்க ஒடம்பு?" என்றால், "அதுக்கென்ன, நல்லா இருக்கேன்."

2011-இல் பழைய காரை ஒப்படைப்பவர்களுக்கு வேறு கார் இறக்குமதி செய்ய அரசாங்கம் அனுமதி கொடுத்தது. யாங்கோன் தெருக்களே மாறிப்போயின. சித்தப்பா கொடுக்கவில்லை. ஒரு வீட்டின் விலையைக் கொடுத்து அப்பாவும் அவரும் சேர்ந்து வாங்கிய கார் அது.

2014 ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு போனேன். மறுநாளே மாவ்பியில் இருக்கும் அத்தையைப் பார்க்கக் கிளம்பினோம். முப்பது மைல். பர்மாவில் 1970-இலேயே வண்டிகள் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டன. ஜப்பான் கார்களின் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. அதனால் லாரியை முந்த வேண்டுமானால் இடப்பக்கம் இருப்பவன் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெகு சாலை பிரியும் தௌக்சானைத் தாண்டி, சித்தப்பா இன்னும் புரோம் ரோடு என்றே சொல்லும் பியே சாலையில் போனோம். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தேன், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. சித்தப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"நிறுத்துங்க சித்தப்பா! முள்ளப் பாக்கலையா?"

மாவ்பிக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினார். பானெட்டைத் திறந்தேன். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. வெந்நீர் முகத்தில் பாயும். ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

"முள்ளு தெரியலப்பா" என்றார் சித்தப்பா. வலது கண்ணில் புரை. இடது கண்ணும் மங்கல். சித்தி போனதிலிருந்தே இப்படித்தானாம்.

"போன்ல ஏன் சொல்லல?"

"நீ காரத்தான கேட்ட."

கேட்காமல் இல்லை. கேட்டேன், ஆனால் அவர் சொன்ன பதிலோடு நிறுத்திக்கொண்டேன்.

எஞ்சின் ஆறியதும் பார்த்தேன். ரிசர்வ் டேங்க் நிறைய தண்ணீர். ஆனால் ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாய் சப்பிப்போய் ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே பாதி கூட இல்லை. இரண்டு லிட்டர் பிடித்தது.

மாவ்பிக் கடைத்தெரு மெக்கானிக் சயா, மூடியின் அடியில் உள்ள சின்ன வால்வை நகத்தால் இழுத்துக் காட்டினார். அசையவில்லை. அந்த மூடிக்கு வேலை இரண்டு. ஒன்று, 0.9 அழுத்தத்தில் நீரை அடைத்து வைப்பது. அப்போதுதான் சுமார் 118 டிகிரி வரை அது கொதிக்காது. இன்னொன்று, சூட்டில் விரிந்து டேங்குக்குப் போன நீரை, எஞ்சின் ஆறும்போது திரும்ப உள்ளே விடுவது. துருப்பிடித்த வால்வு திரும்ப விடவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் நீர் வெளியே போனது; அந்த இடத்தில் குழாய் இணைப்பு வழியாகக் காற்று புகுந்தது. டேங்க் மட்டும் எப்போதும் நிறைந்தே இருந்தது. சித்தப்பா பொய் சொல்லவில்லை. நான் ரேடியேட்டரைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய எஞ்சினிலிருந்து எடுத்த ஒரு மூடியைச் சயா பொருத்தினார். நான் அனுப்பிய பம்பின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. திரும்பும்போது நான் ஓட்டினேன்.

விமானச் சீட்டை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். திருவிழா முடிந்ததும் யாங்கோனிலேயே வலது கண்ணுக்கு அறுவை நடந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். டேங்கைப் பற்றிக் கேட்பதில்லை. வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லிவிட்டு, "முள்ளு எங்க நிக்குது சித்தப்பா?" என்கிறேன்.

"பாதிக்குக் கீழ" என்கிறார். "பக்கத்துல இருக்குற சின்ன எழுத்தையும் படிக்கவா?"

படிக்கச் சொல்கிறேன்.