பாகற்காய்ச் சாறு

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 16 வருஷம். திடீரென்று அளவு குறைந்தபோது சந்தோஷப்பட்டோம். பாகற்காய்ச் சாறுதான் காரணம் என்றாள். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் சீக்கிரம் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும், சர்க்கரை தாழும் என்று பிறகுதான் தெரிந்தது. கால் வீக்கமா? அடுப்படியில் நிற்பதால்தான் என்று அவளே முடிவுகட்டியிருந்தாள். அப்பாவுக்கு வருஷாவருஷம் சிறுநீரில் அல்புமின் பார்த்தோம். அவளுக்கு ஒருமுறைகூட இல்லை. அப்பாவை அழைத்துப்போனவள் நான்தான்.

இப்போது வாரம் 3 நாள், 4 மணி நேரம் டயாலிசிஸ். சிறுநீரகம் யார் தருவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பிக்குக் குடும்பம் இருக்கிறதாம். எனக்கும்தான் இருக்கிறது. அம்மா மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

“மிஷினே போதும்டி” என்றாள். வீட்டுக்கு வந்ததும் இட்லிக்கு ஊறப்போட்டாள்.