கனமான விசிறி

மொழியியல் படித்தவனுக்குப் படகின் விசிறியோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு சொல்லை நான் பிழையாகப் பெயர்த்ததால் வந்த உறவு அது.

ஒடிசாவின் சில்கா ஏரியில் மீனவர் வழக்குச் சொற்களைத் திரட்டிய நாள்களில், நீரும் சேறும் மாதிரி எடுக்கும் ஓர் ஆய்வுக் குழு தன் பாண்டூன் படகில் எனக்கு இடம் தந்தது. இரண்டு நீண்ட அலுமினிய உருளைகள், மேலே தட்டையான தளம், பின்புறம் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். இடத்துக்கு ஈடாக நான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன். ஆறு பேரும் கருவிகளும் ஏறிவிட்டால் படகு நகரத் தயங்கியது. பார்க்க வந்த முதிய மெக்கானிக், எஞ்சினை முழு விசையில் ஓடவிட்டுச் சற்று நேரம் செவிமடுத்தார். பின், விசிறி 'பாரி' என்றார். ஒடியாவில் அச்சொல்லுக்குக் கனம் என்று பொருள். அவ்வாறே சொன்னேன். குழுவினர் எஃகு விசிறியைக் கழற்றிவிட்டு, அதே அளவில் எடை குறைந்த அலுமினிய விசிறியை வாங்கிப் பொருத்தினர். அவர் ஊருக்குப் போயிருந்தார். யாரும் அவரை மறுபடி கேட்கவில்லை.

ஏப்ரல் மாத மாலையொன்றில் காலபைசாகிக் காற்று எதிர்முகமாக வீசியது. முழு விசை கொடுத்தும் எஞ்சின் முனகியதே ஒழியக் கரை நெருங்கவில்லை. தட்டையான தளமும் அதன்மேல் இருந்த கூரையும் காற்றை வாங்கிக்கொண்டன. நாணல் திட்டு ஒன்றில் ஒதுங்கி, இருட்டும் வரை நனைந்தபடி இருந்தோம். யாருக்கும் தீங்கில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய மெக்கானிக் புதிய விசிறியைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்ன கனம் உலோகத்தின் எடையன்று. எஞ்சினுக்கு விசிறி தரும் சுமை. விசிறிக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று விட்டம். மற்றொன்று பிட்ச்: வழுக்கலே இல்லையென்று கொண்டால், ஒரு சுற்றில் விசிறி முன்னேறக்கூடிய தூரம். பள்ளியில் திருகு அளவிக்குப் படித்த புரியிடைத் தூரம் இதுவே. எங்கள் விசிறியின் பிட்ச் 13 அங்குலம். விரைந்தோடும் இலேசான படகுக்கு அது பொருந்தலாம். நீரை இழுத்துச் செல்லும் பாண்டூனுக்குப் பொருந்தாது.

வழக்கமான சுமையோடு முழு விசை கொடுத்து, சுழற்சிமானியைப் பார்க்கச் சொன்னார். நிமிடத்துக்கு 4,500 சுற்றுகள். எஞ்சினுக்கு வகுக்கப்பட்ட எல்லையோ 5,000 முதல் 6,000 வரை. மிதிவண்டியில் பெரிய கியரில் மேடு ஏறுபவனைப்போல எஞ்சின் திணறிக்கொண்டிருந்தது. அந்நிலை நீடித்தால் அதன் ஆயுளும் குறையும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 200 சுற்றுகள் கூடும். 10 அங்குல விசிறியைப் பொருத்தினார். மானி 5,100ஐத் தொட்டது. படகு எதிர்காற்றிலும் முன்னேறியது. ஆளில்லாத படகில் அளந்து விசிறியைத் தேர்ந்தெடுத்தால், ஆறு பேர் ஏறியதும் கணக்குப் பொய்த்துவிடும் என்பதையும் அவரே சொன்னார்.

பிட்ச் என்றால் எனக்கு அதுவரை குரலின் சுருதி மட்டுமே. ஒரே சொல் இரு துறைகளில் இரு பொருள் தருவது மொழியியலின் முதல் பாடங்களில் ஒன்று. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஏரிக்கரையில் அது நினைவுக்கு வரவில்லை.

என் சொற்பட்டியலில் 'பாரி' என்பதற்கு எதிரே 'கனம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். இப்போது அதன் கீழே இன்னொரு பொருளும் உண்டு: 'எஞ்சின் தன் முழு வேகத்தில் சுழற்ற இயலாத (விசிறி)'. மற்றப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு மீண்டும் கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இச்சொல்லுக்கு என்ன பொருள் என்று இப்போது கேட்பதில்லை. இதைச் சொன்ன பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன்.