இருப்பது இருக்கிறது

நாம் விரும்புவதாலோ வெறுப்பதாலோ, அரசன் ஆணையிடுவதாலோ, ஊரார் ஒருமுகமாகக் கூடி முடிவு செய்வதாலோ ஒரு பொருளின் சுபாவம் அணுவளவும் மாறிவிடாது. அதை உள்ளபடி அறிய மனிதனுக்கு வாய்த்த சாதனம் புத்தி ஒன்றே. அயன் ராண்ட் தம்முடைய 'ஆப்ஜெக்டிவிசம்' என்னும் தத்துவத்துக்கு இட்ட அஸ்திவாரம் இதுதான். 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்து, புரட்சியில் தந்தையின் மருந்துக்கடை பறிபோனதைச் சிறு வயதிலேயே கண்ணாரக் கண்டு, 1926இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அந்த அம்மையாருக்கு, சத்தியம் கூட்டத்தின் சௌகரியத்துக்கு வளையலாகாது என்ற உறுதி பிறந்ததில் வியப்பில்லை. தத்துவத்தில் தாம் கடன்பட்டவர் என்று அவர் ஒப்புக்கொண்டது அரிஸ்டாட்டில் ஒருவரைத்தான்.

இதுவரையில் எனக்கு அவரோடு யாதொரு பிணக்கும் இல்லை. 1943இல் வெளியான 'தி ஃபவுன்டன்ஹெட்' நாவலில், ஹோவர்ட் ரோர்க் என்ற கட்டடக் கலைஞன், முகப்பில் பழைய கிரேக்க பாணியை ஒட்டவைக்கச் சம்மதித்தால் பெரிய பாங்கி ஒன்றின் கட்டடமே கைக்கு வரும் என்றிருந்தும், கையில் காசில்லாத அந்த வேளையிலும் அதை மறுத்துவிட்டுக் கருங்கல் குவாரிக்குக் கூலி வேலைக்குப் போகிறானே, அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிர்கிறது. வேலையின் தர்மத்தை இவ்வளவு கம்பீரமாகச் சொன்ன நாவல்கள் சிலவே.

ஆனால் பொருளின் இயல்பை ஆராயப் புறப்பட்டவர், 1957இல் வந்த 'அட்லஸ் ஷ்ரக்ட்' நாவலில், தன் நலமே ஒருவனுக்குத் தலையாய தர்மம், பிறருக்காகத் தன்னைப் பலியிடுவது அதர்மம் என்ற முடிவில் வந்து நிற்கிறார். முதலில் சொன்னதிலிருந்து இந்த முடிவு எவ்வாறு பெறப்படும் என்பது எனக்கு விளங்குவதில்லை. ஏனெனில், பிறரால் தாங்கப்பட்டே மனிதன் வளர்கிறான் என்பதும், நம் விருப்புவெறுப்பைக் கேட்டுக்கொண்டு நிற்காத ஓர் உண்மைதான். அந்த நாவலின் இறுதியில் தம்மைப்பற்றி எழுதிய குறிப்பில், தமக்கு ஒருவரும் உதவவில்லை என்று ராண்ட் சொல்லியிருக்கிறார். ருஷ்யாவிலிருந்து வந்த புதிதில் அவரை மாதக்கணக்கில் வீட்டில் வைத்துச் சோறிட்டவர்களோ சிகாகோவில் இருந்த அவருடைய உறவினர்கள்.

அவர்கள் அன்பினால் விரும்பிச் செய்தார்கள், அது தியாகம் ஆகாது என்று அவருடைய சீடர்கள் விடை கூறலாம். ராண்டும் அன்பினால் செய்யும் உதவியைக் குற்றம் என்றவர் அல்லர். அப்படியானால், குற்றமில்லாத அந்த உதவியை இல்லையென்று எழுதும் அவசியம் அவருக்கு ஏன் நேர்ந்தது என்ற கேள்விக்கு அவருடைய தத்துவத்துக்குள் எனக்கு விடை அகப்படவில்லை.