பலவீனம் வேறு, பொய் வேறு



பட்டப்படிப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு எம்.பி.ஏ. எதற்கு என்று கேட்பவர்கள் நம் குடும்பங்களில் அதிகம். அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது, விவரம் இல்லை. சென்ற ஆண்டு என் தங்கை மகன் விண்ணப்பிக்க முனைந்தபோது, அவனுடன் அமர்ந்து விதிமுறைகளை வாசித்தேன். அப்போது அறிந்தவற்றையும், எங்களிடையே எழுந்த ஒரு கேள்வியையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அவன் பி.காம். பட்டதாரி. மொத்த மதிப்பெண் 53 விழுக்காடு. மூன்றாம், நான்காம் பருவங்களில் மூன்று தாள்களில் அரியர் விழுந்து, பின்னர் எழுதித் தேறினான். அந்த ஓராண்டு அவனுடைய அத்தா அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருந்தார். மளிகைக்கடையில் அமர வேறு ஆள் இல்லை. அத்தா எழுந்து நடமாடத் தொடங்கிய பின் வந்த கடைசி இரு பருவங்களிலும் அவன் 60-க்கு மேல் பெற்றான். ஆனால் மதிப்பெண் பட்டியலில் மளிகைக்கடைக்கு இடம் கிடையாது.

முதலில் விதிகள். ஐ.ஐ.எம். நிறுவனங்களுக்கான கேட் தேர்வை எழுதப் பொதுப் பிரிவினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு வேண்டும். தமிழகக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் வழியாகச் சேரவும் 50 விழுக்காடு தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 போதும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழக அரசு வழங்கும் 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டையும் நம் பிள்ளைகள் மறக்கலாகாது. அதற்குரிய சாதிச் சான்றிதழை முன்கூட்டியே பெற்றுவைக்க வேண்டும். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்தும் எக்ஸ்.ஏ.டி. தேர்வுக்கோ, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் போதும். குறைந்தபட்ச விழுக்காடு என்று எதுவும் இல்லை.

தகுதி வேறு, தேர்வாவது வேறு என்பதும் உண்மை. அகமதாபாத், பெங்களூரு போன்ற பழைய ஐ.ஐ.எம்.கள் நேர்முகத்திற்கு அழைக்கும் முன்பே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றின் மதிப்பெண்களையும் கணக்கில் எடுக்கின்றன. அங்கே அவனுக்கு வாய்ப்புக் குறைவு என்பதை அவனிடம் நேராகவே சொன்னேன். குறைவு என்பதற்காக மற்ற கதவுகளையும் தட்டாதிருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

இந்நிலையில் ஓர் ஆலோசனை மையத்தில் அவனுக்கு ஒரு வழி காட்டினார்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் இரண்டு ஆண்டு பணி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவார்களாம். அது குறைந்த மதிப்பெண்ணை ஈடுசெய்துவிடுமாம். அன்றிரவு அவன் என்னிடம் கேட்டான்: "மாமா, நான் கடையில் உழைத்தது உண்மைதானே? அந்த உழைப்பை வேறொரு பெயரில் காட்டினால் என்ன குற்றம்?"

நான் கற்பிக்கும் பாடத்திலிருந்தே அவனுக்கு விடை சொன்னேன். ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களை எடைபோட்ட முறை நுட்பமானது. நினைவாற்றல் குறைந்தவரின் அறிவிப்பைப் பலவீனமானது என்றார்கள். ஆயினும் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. வேறு வழிகளில் வரும் அறிவிப்புகள் துணைநின்றால் அது ஏற்கத்தக்க நிலைக்கு உயரும். முதுமையில் நினைவு தடுமாறியவர்கள் விஷயத்தில், தடுமாற்றத்திற்கு முன் அறிவித்தது எது, பின் அறிவித்தது எது என்று பிரித்துப் பார்த்தார்கள். அதாஉ இப்னு ஸாயிப் அத்தகையோருள் ஒருவர். ஆனால் பொய்யுரைப்பவர் என்று அறியப்பட்டவருக்கு எத்தனை துணைச் சான்றுகள் வந்தாலும் பயனில்லை. பலவீனத்திற்கு மருந்து உண்டு. பொய்க்கு அத்தகைய மருந்து இல்லை.

"உன் மதிப்பெண் பலவீனமான அறிவிப்பு. அதற்குத் துணை தேடு. பொய்ச் சான்றிதழ் வைத்தால் உன் உண்மையான உழைப்பும் சேர்ந்து சந்தேகத்திற்கு உள்ளாகும்" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் அந்த மையத்திற்குச் செல்லவில்லை.

பிறகு துணைகளைத் தேடினோம். முதல் துணை நுழைவுத் தேர்வு. பழைய மதிப்பெண்ணை மாற்ற இயலாது. புதிய மதிப்பெண் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். எட்டு மாதங்கள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் இரண்டு மணி நேரம் கணக்குப் பயிற்சி செய்தான். இரண்டாவது, பருவவாரியான மதிப்பெண் பட்டியல். சரிவும் மீட்சியும் அதில் தெளிவாகத் தெரிந்தன. மூன்றாவது கடை. கொள்முதல், இருப்பு, கடன் நோட்டு என அவன் செய்தவற்றை மிகைப்படுத்தாமல், குடும்பக் கடை என்றே குறிப்பிட்டு எழுதினான்.

மதிப்பெண் குறைந்த காரணத்தை முதலில் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அத்தாவின் நோயைப் பற்றிய வரிகளே அதில் மிகுதி. அவற்றைக் குறைக்கச் சொன்னேன். நிகழ்ந்தது என்ன, நான் செய்தது என்ன, அதன்பின் மாறியது என்ன என்ற மூன்றுக்கு மேல் விளக்கம் நீண்டால், படிப்பவருக்கு அது இரக்கத்தை யாசிப்பதாகத் தோன்றும். இறுதியில் ஐந்து வரிகளே எஞ்சின.

இரண்டு கல்லூரிகளில் நேர்முகத்திற்கு அழைத்தார்கள். ஒன்றில் இடம் கிடைக்கவில்லை. மற்றொன்றில் அரியரைப் பற்றி ஒரே கேள்வி. அவன் அந்த ஐந்து வரிகளையே சொன்னான். பின்னர், நிலுவைக் கடனை வாடிக்கையாளர் மனம் நோகாமல் எப்படி வசூலித்தாய் என்று கால் மணி நேரம் கேட்டார்களாம். அவன் வாழ்ந்து அறிந்ததைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அங்கே இடம் கிடைத்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போது மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பருவத்தில் சரிந்தது, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். குடும்பத்தின் சுமையைச் சுமந்து பின்தங்கிய பிள்ளையை, அதே குடும்பம் பெரியப்பா மகனுடன் ஒப்பிட்டுப் பேசுவது நீதியன்று. அவனுக்காக துஆச் செய்யுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் நினைவூட்டுங்கள்.

வஸ்ஸலாம்.