ஒரு குரல், மூன்று வாசல்

பேராக் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களின் பேச்சை, விடுப்பு நாள்களில் ஈப்போவிலிருந்து போய்ப் பதிவு செய்து வருகிறேன். பதிவு செய்வது சுலபம். அதைக் கணினியில் எந்தக் கோப்புறையில் வைப்பது என்பதுதான் தலைவலி.

சுங்கை சிப்புட் பாட்டி ஒருவர் 1948 ஜூன் 16-ஐப் பற்றிப் பேசினார். எல்பில் தோட்டத்திலும் அருகிலும் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. 1960 வரை நீடித்த அவசரகாலம் அதையொட்டித்தான் பிறந்தது. பாட்டியின் பேச்சு அங்கிருந்து அவருடைய கல்யாணத்துக்குத் தாவி, பால்மரம் வெட்டப் போன முதல் நாளில் முடிந்தது. இது தோட்டக் கதையா, அவசரகாலமா, குடும்பமா? மூன்றும்தான்.

மூன்று நகல் எடுக்கலாம். ஆனால் ஒன்றில் இரைச்சலை நீக்கினால், மற்ற இரண்டும் பழையபடியே கிடக்கும். என் கணினியில் ஓடும் லினக்ஸில் இதற்கு 'சிம்லிங்க்' இருக்கிறது. 1983-இல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்போடு வந்த வசதி. குரல் ஓரிடத்தில் இருக்கும். மற்ற இடங்களில் அதன் முகவரி எழுதிய சின்னச் சீட்டு மட்டும். சீட்டைத் திறந்தாலும் குரல் கேட்கும். சீட்டை அழித்தால் குரலுக்கு ஒன்றும் ஆகாது. குரலை அழித்தால் சீட்டு வெறுமனே தொங்கும், தோட்டம் போய்த் தாமானுக்கு மாறிய பிறகும் தோட்டப் பெயரையே சுமக்கும் நம் தமிழ்ப்பள்ளிகள் மாதிரி. (பெயராவது மிஞ்சியதே என்று சந்தோஷப்படுகிறவள் நான்.)

சீட்டில் முகவரியை எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். வன்தட்டின் பெயரிலிருந்து முழுப் பாதையையும் எழுதினால், வேறு கணினியில் செருகும்போது அந்தப் பாதையே மாறிவிடலாம், சீட்டு செல்லாது. 'கோயிலுக்கு எதிர் வீடு' என்று எழுதுவது சார்புப் பாதை. லயத்தைக் கோயிலோடு சேர்த்துப் பெயர்த்து எங்கே வைத்தாலும் அது சரியாகவே இருக்கும். ஒன்று கவனியுங்கள்: வழி எண்ணப்படுவது சீட்டு இருக்கும் கோப்புறையிலிருந்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அல்ல. 'எல்என் -எஸ்ஆர்' என்று கட்டளை கொடுத்தால் அந்தக் கணக்கை லினக்ஸே பார்த்துக்கொள்ளும்.

பாட்டி போன வருடம் காலமானார். பேரன் பதிவு கேட்டு பென்டிரைவ் கொண்டு வந்தார். கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் சிம்லிங்கை ஏற்காத வடிவத்தில்தான் வருகின்றன. 'சிபி -ஆர்' என்பதோடு பெரிய எழுத்து 'எல்' சேர்த்து நகலெடுத்தேன். அப்படிச் செய்தால் சீட்டுக்குப் பதிலாக அது காட்டும் ஒலிக்கோப்பே போய்ச் சேரும். நாற்பது நிமிடமும் முழுதாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.