ஐந்தாம் மாதத்துக் கை

பாரிசவாதத்தை அடையாளம் காண டென்மார்க்கில் மூன்று சோதனைகள் சொல்லிக்கொடுப்பார்கள்: கையை நீட்டச் சொல், பேசச் சொல், சிரிக்கச் சொல். ஒன்றில் பிசகு தெரிந்தாலும் உடனே அவசர எண் 112-ஐ அழை. பெரியவர்களுக்கு இது உயிர் காக்கும் பாடம். குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிறந்து மூன்று நாளான சிசுவிடம் இதில் எதைக் கேட்பது? அதன் மூளையில் ரத்தக் குழாய் அடைத்தால் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரு பக்கக் கையோ காலோ விட்டுவிட்டுத் துடிக்கும் வலிப்புதான். சிலருக்கு அதுவும் இராது. நன்றாகப் பால் குடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

குழந்தைகளுக்கான இயன்மருத்துவராக நான் அதிகம் காண்பது அப்படிப் போன பிள்ளைகளைத்தான். அவர்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நரம்பியல் நிபுணர் அல்ல. வீட்டுக்கே வந்து பார்க்கும் சுகாதாரத் தாதி (1937-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஏற்பாடு இது), இல்லாவிட்டால் ஐந்தாம் மாதச் சோதனையில் குடும்ப வைத்தியர். அந்த வயதில் பிள்ளை இரண்டு கையாலும் கிலுகிலுப்பையை எட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு கை மட்டும் எட்டுகிறது, மற்றது கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பொத்திக்கொண்டே இருக்கிறது என்றால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தமிழ் வீடுகளில் அதற்கும் ஒரு சமாதானம் இருக்கும்: தாத்தாவைப் போல இடக்கைக்காரன். ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை ஒரு கையைத் தெரிந்தெடுத்தால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது.

"பாரிசவாதமோ? அது எங்களை மாதிரிக் கிழடுகளுக்கெல்லோ வாறது, பிள்ளை," என்றார் ஓர் அம்மம்மா. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, இதயத் துடிப்புக் கோளாறு என்று காரணங்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வருகின்றன. பிள்ளைகளுக்குப் பிறவி இதயக் கோளாறு, ரத்தம் உறைவதில் சிக்கல், கழுத்தில் அடிபட்டுக் குழாயின் உட்சுவர் கிழிதல் என்று வேறு பட்டியல். சின்னம்மை வந்துபோன சில மாதங்களில் மூளைக் குழாய் வீங்கிச் சுருங்குவதும் உண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அடைப்பு; பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி ரத்தக் கசிவு.

என் வேலையும் இங்கேதான் மாறுகிறது. அறுபது வயதுக்காரரின் கை ஆயிரம் முறை சட்டைப் பொத்தான் போட்ட கை. இழந்ததைத் தேடித் தரலாம். ஐந்து மாதக் கைக்குத் தேடித் தர எதுவும் இல்லை. அது இன்னும் எதையும் செய்து பார்க்கவில்லை. அதற்கு முதலில் ஆசை வர வேண்டும். சுவீடனில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழுவினர் வகுத்த முறையில், நல்ல கைக்கு மென்மையான உறையைப் போட்டு நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் விளையாட விடுகிறோம். ஆறு வாரம் செய்து, ஆறு வாரம் விட்டு, மீண்டும் ஆறு வாரம். விளையாட வைப்பவர்கள் தாயும் தகப்பனும்தான். பொத்திய கையைத் திறக்கக் கட்டைவிரலின் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடியில் இருக்கும் சதைமேட்டைத் தாங்கி மெல்ல வெளியே திருப்பினால் விரல்கள் தாமாக விரியும். கிலுகிலுப்பை மெலிந்த பிடியோடு, லேசாக இருக்க வேண்டும். பிள்ளை அழுதால் அன்றைக்கு அதோடு சரி.

குழந்தையின் மூளை எதையும் ஈடுகட்டும் என்பது அரை உண்மை. இடப்பக்கம் பழுதானாலும் பேச்சு பெரும்பாலும் வலப்பக்கத்தில் குடியேறிவிடும். கையின் நுட்பம் அவ்வளவு இணங்குவதில்லை. பெரியவருக்கு முதல் நாள்தான் மோசம், பிறகு ஏற்றம். பிள்ளைக்கோ குறை வயதோடு வெளிவரும்: இரண்டு வயதில் நன்றாக ஓடியவன் ஏழு வயதில் ஜாக்கெட் ஜிப்போடு மல்லுக்கட்டுவான், வகுப்பில் கவனம் சிதறும், உயரம் கூடும் பருவத்தில் எலும்பின் வேகத்துக்குக் கெண்டைக்கால் தசை ஈடுகொடுக்காமல் குதிகால் தரையில் படாது. அதனால் பிள்ளையின் மருத்துவக் கோப்பை எளிதில் மூடிவிட முடியாது.

இன்னொரு தரம் வருமோ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பெரியவர்கள் அந்தப் பயத்துக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எடுக்கிறார்கள். பிறந்த கையோடு வந்தது மீண்டும் வருவது மிக அரிது. இதயமும் ரத்தமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. பள்ளி வயதில் குழாய் சுருங்கி வந்ததென்றால் கதை வேறு: ஆஸ்பிரின், மறுபடி ஸ்கேன், நீண்ட கண்காணிப்பு. ஆகவே யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, பிள்ளைக்கு எந்த வயதில் வந்தது என்று.