செட்டியார் நெசவாளி ஆன கதை

புரட்டாசி நெருங்குவதைத் தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் நாட்காட்டி தேவையில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் அஷ்டபுஜப் பெருமாள் கோயில் பக்கம் இருக்கும் பொம்மைக்காரத் தெருவில் ஒரு நடை போய் வந்தால் போதும். வர்ணம் பூசாத காகிதக்கூழ் பொம்மைகள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். 2019-இல் ஜூலை 1 முதல் 48 நாள் அத்தி வரதர் தரிசனம் தந்தார் அல்லவா, அந்த வருஷ நவராத்திரிக்கு அவரும் பொம்மையாகப் பல வீட்டுப் படிகளில் ஏறிவிட்டார்.

புதுப் பொம்மைக்கு வாங்க ஆள் உண்டு. பழைய பொம்மைக்குத்தான் நாதியில்லை. கை போன லட்சுமி, கழுத்து ஆடும் கிருஷ்ணன், மூக்கு உதிர்ந்த வசிஷ்டர் எல்லோரும் ஏதாவது ஓர் அரசமரத்தடியில் வந்து சேருவார்கள். பின்னமான பொம்மை வீட்டில் இருக்கக் கூடாது என்பார்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, வீட்டைக் காலி செய்கிறவர்கள் கொலுப் பெட்டியைப் பழைய சாமான் கடையில் பித்தளை அண்டாவோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் செய்கிற வேலை, இவர்களை வீட்டுக்கு அழைத்துவந்து வைத்தியம் பார்ப்பது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு எழுத்தராக இருந்த பழக்கம் போகுமா? இதற்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். வரிசை எண், வந்த தேதி, பொம்மையின் பெயர், குறைபாடு, எடுத்த நடவடிக்கை. ஒரே வித்தியாசம், இங்கே எந்தக் கோப்பும் நிலுவையில் கிடப்பதில்லை.

மருந்து ஒன்றுதான்: கடையில் எம்-சீல் என்று கேட்டால் கிடைக்கும் எபாக்ஸி மக்கு. இரண்டு துண்டாக வரும். இரண்டையும் சம அளவு கிள்ளி, நிறம் ஒன்றாகும் வரை பிசைய வேண்டும். கொஞ்ச நேரத்துக்குச் சப்பாத்தி மாவு மாதிரி சொன்னபடி கேட்கும். மறுநாள் காலையில் கல். விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒட்டாமல் வழவழப்பாக வரும். கையுறை அவசியம், சிலருக்குத் தோல் அரிக்கும். உடைந்த கையைப் புதிதாகச் செய்வதானால் முதலில் கட்டுக்கம்பியை எலும்பு மாதிரி உள்ளே செருகி, அதன்மேல் சதை போல மக்கை ஏற்ற வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள், வெள்ளை அஸ்திவாரப் பூச்சு, பிறகு அக்ரிலிக் வர்ணம். காகிதக்கூழ் பொம்மையை மட்டும் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். பழைய வர்ணம் கரையும், உள்ளே கூழ் ஊறும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. முகம் நன்றாக இருந்தால் அதைத் தொடுவதில்லை. கண் எழுதுவது பொம்மை வேலையில் கடைசிக் காரியம். அதிலே எழுதியவரின் கை தெரியும். நிறம் மங்கியிருந்தாலும் அந்தப் பார்வை நம்மால் வராது.

போன வருஷம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். மகன் ஒரகடத்தில் கார் கம்பெனி வேலைக்குப் போகிறான். தறியைப் பிரித்து விற்று, குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. அதன்மேல்தான் இப்போது டிவி நிற்கிறது.

என் படியை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தார். மேலே கலசம், மரப்பாச்சி, தெய்வங்கள். மனிதர்களுக்கான படியில் கல்யாண கோஷ்டி, போலீஸ்காரர், பாம்பாட்டி, மளிகை பரப்பி வைத்த செட்டியாரும் செட்டிச்சியும்.

“எல்லாரும் இருக்காங்க சார். எல்லாரும் பட்டு கட்டியிருக்காங்க. யாரு நெஞ்சது?” என்றார்.

நான் படித்தது புதுச்சேரியில். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறிய பிறகும் எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். டிசம்பர் வந்தால் எங்கள் ஆசிரியர் ஒருவர் சின்னச் சின்ன மண் பொம்மைகளை மேசையில் அடுக்குவார். சாந்தோன் என்று பெயர். தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதிப் பேச்சில் ‘குட்டிப் புனிதர்’ என்று அர்த்தம். பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களை மூடிவிட, ஜனங்கள் குடிலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். மார்செய் நகரத்து ழான்-லூயி லாஞெல் என்பவர் அச்சில் வார்த்து, ஏழைகளும் வாங்கும் விலையில் செய்துகொடுத்தார். 1803 முதல் அந்த ஊரில் இதற்கென்று சந்தை நடக்கிறது. அந்தக் குடிலில் குழந்தை ஏசுவைப் பார்க்க அரசர்கள் மட்டும் வருவதில்லை. ரொட்டி சுடுகிறவர், மீன்காரி, கத்திக்குச் சாணை பிடிக்கிறவர் என்று அந்த ஊரே அவரவர் தொழில் சாமானோடு வரும். நெசவாளி ஊரில் இருந்துகொண்டு என் படியில் நெசவாளி இல்லை என்று அண்ணன் கேட்டபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

“செஞ்சிடலாம் அண்ணா” என்றேன்.

“ஒருத்தர் போதாது சார். கோர்வைக்கு மூணு நாடா. வலப்பக்கம் நான் உக்காந்தா இடப்பக்கம் ஒரு ஆளு வேணும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ரெண்டையும் ஊடையிலேயே கோத்துக் கட்டணும். ஒத்த ஆளு என்ன பண்ணுவான்?”

அவருக்கு அந்த இடப்பக்கத்து ஆள் யார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்து நாற்பது வருஷம் அந்த நாடாவைப் போட்டவர் அவர் மனைவி. தவறி ஆறு வருஷம் ஆகிறது.

பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. காகிதக்கூழ் செட்டியாருக்கு இரண்டு காலும் போயிருந்தன. அதுவே வசதி. குழித்தறியில் உட்காருகிறவரின் கால் குழிக்குள் மிதியில் இருக்கும், வெளியே தெரியாது. பலகையை இரண்டு அங்குலம் உயர்த்தி, துளை போட்டு, அவரை உட்கார வைத்தேன். தொந்திதான் தொல்லை. பட்டு நெய்கிறவருக்கு ஏது தொந்தி? உள்ளே கூடு என்பதால் வயிற்றை வெட்டி எடுத்து, மக்கை மெல்லிசாகப் பூசி ஒட்ட வைத்தேன். தராசு பிடித்த கையைப் பிரித்து நாடா பிடிக்கும் கையாக்கினேன்.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி தீப்பெட்டியில் ஆனது. துளையிட்ட அட்டைகள் எந்த இழை எழும்ப வேண்டும் என்று கட்டளையிடுமே, அதே பெட்டி. லியோன் பட்டு நகரத்து ழக்கார் என்பவர் 1804-இல் செய்து காட்டிய பொறி அது. அவர் பெயரைப் பள்ளியில் பிரெஞ்சில் படித்தேன். பிள்ளையார்பாளையத்துக்கு வந்த பிறகுதான் பொருளைப் பார்த்தேன்.

செட்டிச்சியின் முகம் பழுதில்லாமல் இருந்தது, விதிப்படி தொடவில்லை. அண்ணன் ஒன்று மட்டும் கேட்டார்: “ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டுடுங்க சார்.” கடுகளவு மக்கு இரண்டு, மேலே தங்க வர்ணம். அரக்குப் புடவை, மாம்பழ மஞ்சள் கரை, தறியில் அதே நிறத்தில் நூல்.

நவராத்திரி முதல் நாள் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்து, அந்தம்மா கையை விரலால் தொட்டு, “இப்படித்தான் இருக்கும். நாடா எப்ப வரும்னு காத்துட்டே இருக்கும்” என்றார். பேத்திக்கு ஒன்பது வயது. “தாத்தா, குழி எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள். வீட்டுக்குப் போய் டிவி ஸ்டாண்டை நகர்த்தச் சொல்லி இடத்தைக் காட்டினாராம். மகன் சொன்னான். அவனுக்கே சரியான இடம் நினைவில் இல்லையாம்.

விஜயதசமி முடிந்து படியைப் பிரித்தபோது அந்த ஜோடியை அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். பதிவேட்டில் ‘உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் கை கால் போன பொம்மை இருந்தால் அரசமரத்தடிக்குக் கொண்டுபோகும் முன் ஒருமுறை பாருங்கள். உங்கள் அப்பா என்ன வேலை செய்தார், அம்மா எப்படி உட்காருவார் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். கும்பகோணத்துக்காரர் பாத்திரம் அடிக்கிறவரைச் செய்யலாம். கடலூர்க்காரர் வலை பின்னுகிறவரைச் செய்யலாம். எம்-சீல் சின்னப் பொட்டலமே போதும். கிள்ளியதை உடனே பிசைந்துவிடுங்கள், மீதியைக் காற்றுப் புகாமல் மடித்து வையுங்கள்.